கூட்டல் சரியாக இருந்தது

தாண்டிக்குடியில் மார்கழி மாதத்து இரவு ஒன்பது மணி என்றால் நடுநிசி மாதிரி. வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரும் கடைசிப் பஸ்ஸின் இரைச்சல் ஓய்ந்துவிட்டால், அப்புறம் சில்வர் ஓக் மரங்களில் காற்று உரசுகிற ஓசை ஒன்றுதான். அந்த நேரத்தில் என் அக்காள் மகன் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பின்கட்டுத் திண்ணையில் கம்ப்யூட்டரை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பான். வீட்டில் அந்த ஓர் இடத்தில்தான் அவனுக்கு இணைப்பு ஒழுங்காகக் கிடைக்கும். சென்னைப் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறைக்குள் அடுக்கி வைத்திருக்கும் சர்வர்களை இங்கிருந்தபடியே காவல் காப்பது அவன் உத்தியோகம்.

"என்னடா, கதையா படிக்கிறே?" என்று கேட்டேன்.

"கதைதான் மாமா. ஒரே வரி திரும்பத் திரும்ப வருது."

எட்டிப் பார்த்தேன். அது அந்த இயந்திரம் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. தேதி, மணி, நிமிஷம், விநாடி. அதற்குப் பக்கத்தில், நினைவகத்தில் இன்ன இடத்தில் ஒரு பிழை நேர்ந்தது, அது திருத்தப்பட்டது என்று ஒரு வரி. கீழே அதே மாதிரி இன்னொரு வரி. அதற்குக் கீழே இன்னொன்று.

"திருத்தியாகிவிட்டது என்று அதுவே சொல்கிறதே! பின்னே என்ன கவலை?"

"அது திருத்திக்கிட்டே இருக்கே, அதுதான் மாமா கவலை" என்றான்.

புதிர் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். இது நடந்தது 2022 டிசம்பரில். அதற்குப் பத்து நாள் முன்னால் அம்மா காப்பிக் களத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அக்காள் அவளுக்குத் துணை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள நானும் பையனும் மலைக்கு வந்திருந்தோம். அப்பாவை எதற்குப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் என்ன குழந்தையா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், நானும் "ஆமாம், ஒரு பேச்சுக்குத்தான்" என்று சொல்லியிருப்பேன்.

பிழையைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ளும் இயந்திரம் என்பது என் போன்ற, பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டு வந்தவனுக்கு மாயாஜாலமாகத்தான் பட்டது. ஆனால் பையன் விளக்கியபோது, அந்த வித்தை எங்கள் வீட்டிலேயே இருந்தது என்று தெரிந்துகொண்டேன்.

அப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தை நேயர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். மேலிருந்து கீழாக ஆட்களின் பெயர். இடமிருந்து வலமாகத் தேதி. வேலைக்கு வந்தால் கட்டத்தில் 1, வராவிட்டால் 0. ஒவ்வோர் ஆளுக்கும் குறுக்கே ஒரு கூட்டல், ஒவ்வொரு நாளுக்கும் நெடுக்கே ஒரு கூட்டல். நடுவில் எங்கேயோ ஒரு 1 தவறிப்போய் 0 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குறுக்குக் கூட்டலில் ஓர் ஆளின் வரிசை உதைக்கும். நெடுக்குக் கூட்டலில் ஒரு நாள் உதைக்கும். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் விரலை வைத்தால், அங்கேதான் திருடன். யாரையும் கேட்க வேண்டியதில்லை. 0 என்று இருப்பதை 1 ஆக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

சர்வரின் நினைவகமும் இதே மாதிரி ஒரு கணக்குத்தான். அங்கேயும் 1, 0 என்ற இரண்டே எழுத்துக்கள். அறுபத்து நான்கு எழுத்துக்களை எழுதிவைக்கும்போது, சரிபார்ப்பதற்கென்று எட்டு எழுத்துக்களைக் கூடவே எழுதிவைக்கிறது. படிக்கும்போது கூட்டல் உதைத்தால், எந்த எழுத்து பிசகிற்று என்று அந்த எட்டும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். பிசகு ஒன்றானால் திருத்திவிடலாம். இரண்டானால் பிசகு உண்டு என்று தெரியும், எங்கே என்று தெரியாது. இயந்திரம் வேலையை நிறுத்திக் கையை விரிக்கும். மூன்றானால் இன்னும் விபரீதம். சில சமயம் அது ஒற்றைப் பிழை போலவே வேஷம் போட்டு வரும். இயந்திரமும் நம்பி, சரியாக இருந்த நாலாவது எழுத்தைத் 'திருத்தி' வைத்துவிட்டு, காரியம் முடிந்தது என்று போய்விடும். மனிதர்களிலும் இப்படிப்பட்ட திருத்துநர்களை நான் அறிவேன். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

இதற்கு வழி வகுத்தவர் ரிச்சர்ட் ஹாமிங் என்ற அமெரிக்கக் கணித அறிஞர். பெல் ஆராய்ச்சிச் சாலையில் இருந்தவர். சனி, ஞாயிறுகளில் ஆளில்லாத சமயத்தில் கணக்கிடும் இயந்திரத்துக்குத் தம் வேலையைக் கொடுத்துவிட்டுப் போவாராம். இயந்திரம் நடுவில் ஒரு பிழையைக் கண்டால், அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்தவருடைய வேலைக்குப் போய்விடும். இரண்டு வாரம் அடுத்தடுத்துத் திங்கட்கிழமை வந்து பார்த்து ஏமாந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்த ஏன் தெரியக்கூடாது? அந்தக் கோபத்தின் பலனை 1950-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

சரி, எழுதிவைத்த எழுத்து தானாக ஏன் மாற வேண்டும்? இதற்குப் பையன் சொன்ன காரணத்தைக் கேட்டதும் வானத்தை அண்ணாந்து பார்த்தேன்.

விண்வெளியிலிருந்து ஓயாமல் துகள்கள் பூமியின் மேல் பொழிந்துகொண்டிருக்கின்றன. 1912-ல் விக்டர் ஹெஸ் என்பவர் பலூனில் ஏறிப் போய், மேலே போகப் போக அந்தக் கதிர்வீச்சு அதிகமாவதைக் கண்டு சொன்னார். மலைவாசிகளான எங்கள் தலையில் கொஞ்சம் கூடுதலாகவே விழும். ஊட்டியில் இந்தப் பொழிவை அளப்பதற்கென்றே டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். 2015 ஜூன் 22-ஆம் தேதி சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு புயல் பூமியின் காந்தக் கவசத்தைச் சற்று நெகிழ்த்தியபோது, சுமார் இரண்டு மணி நேரம் துகள்கள் வழக்கத்துக்கு மேல் வந்ததை அங்கே பதிவு செய்தார்கள். அந்தச் சூரியனை, எங்கள் தாண்டிக்குடி இருக்கும் இதே பழனி மலைத் தொடரில், கொடைக்கானல் வானாய்வு நிலையத்தார் நூறு வருஷத்துக்கு மேலாகப் படமெடுத்து வருகிறார்கள். வானத்திலிருந்து வந்த துகள் மோதியதால் சிதறுகிற ஒரு பொடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சில்லின் மூலையில் பட்டு, 1 என்பது 0 ஆகிவிடலாம். யார் மேல் குற்றம் சொல்வது?

வானம் மட்டுமல்ல, மண்ணும் உண்டு. சில்லுகளை வைத்துமூடும் பீங்கான் உறையில் கடுகளவு கலந்திருந்த கதிரியக்கப் பொருளே எழுத்தை மாற்றுகிறது என்று 1978-ல் இன்டெல் கம்பெனிப் பொறியாளர்கள் கண்டார்கள். காக்க வைத்த உறையே கெடுத்திருக்கிறது!

2003 மே மாதம் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஷேர்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. அவ்வளவு வாக்கு அங்கே கிடைக்க வழியே இல்லை என்பதால்தான் சந்தேகம் வந்தது; இல்லாவிட்டால் அப்படியே போயிருக்கும். 4096 என்பது இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வரும் எண். ஆகவே, நினைவகத்தில் ஒரே ஓர் எழுத்து 0 என்பதிலிருந்து 1 ஆகப் புரண்டிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் தீர்மானித்தார்கள். புரட்டியது இன்னதுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

ஆகாயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றிற்று. பையன் விடவில்லை.

"அப்படின்னா ஒரே இடத்திலே ஏன் மாமா விழணும்?"

அவன் படித்துக்கொண்டிருந்த நாட்குறிப்பின் சங்கதி அதுதான். வானத்திலிருந்து வருவது, மழைத்துளி மாதிரி, இன்று இங்கே, அடுத்த மாதம் வேறெங்கோ என்று சிதறி விழும். அவன் கண்ட பிழைகள் எல்லாம் ஒரே தகட்டில், ஒரே பகுதியில். முதல் வாரம் மூன்று. அடுத்த வாரம் பதினொன்று. அப்புறம் நூற்றுக்கணக்கில். அது மழையல்ல, கூரை ஓட்டை. கூகிள் நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான சர்வர்களில் இரண்டரை வருஷம் சேர்த்த குறிப்புகளை ஆராய்ந்து 2009-ல் சிலர் வெளியிட்ட கட்டுரையும் இதையே சொல்கிறதாம். ஒரு வருஷத்தில் நூற்றுக்கு எட்டுத் தகடுகளுக்கு மேல் இத்தகைய பிழையைக் காண்கின்றன. ஒரு தடவை பிழைத்த தகடே மறுபடி பிழைப்பதைப் பார்த்தால், பெரும்பாலும் குற்றம் வானத்துடையதல்ல, தகட்டினுடையது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. கெட்டது தகடா, தகட்டைச் செருகியிருக்கும் இடமா? அதற்கு ஒரு பரீட்சை உண்டு. இரண்டு தகடுகளை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். பிழை தகட்டோடு கூடவே போனால் தகடு கெட்டது. தகடு போன பிறகும் பிழை பழைய இடத்திலேயே இருந்தால் இடம் கெட்டது. எத்தனை குடும்பங்களில், எத்தனை ஆபீசுகளில், இந்த ஒரு பரீட்சையைச் செய்யாமலே மனிதர்களை வெளியே தள்ளியிருக்கிறோம்!

பையன் சர்வருக்குச் சொந்தக்காரர்களுக்கு எழுதிப் போட்டான். "எல்லாம் சரியாகத்தானே ஓடுகிறது? எதற்கு நிறுத்த வேண்டும்?" என்று பதில் வந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் இரண்டு நாள் முன்னால் அதையேதான் கேட்டேன். பல இயந்திரங்களை அமைக்கும்போதே, பிழை இத்தனைக்கு மேல் போனால் மட்டும் சொல், அதுவரை வாயைத் திறக்காதே என்று கட்டளையிட்டு வைத்துவிடுகிறார்களாம். பார்ப்பவர்களுக்கு வீண் கலவரம் வேண்டாம் என்று!

அந்தச் சனிக்கிழமை பழம் பறித்த ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்கு மிஞ்சியது எங்கள் மூன்று ஏக்கர்: காப்பி, மிளகு, ஓரத்தில் கொஞ்சம் மலைவாழை. அதற்கும் பெரிய தோட்டத்துக்கு வைப்பது போலவே கணக்கு வைத்திருந்தார். நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் பட்டுவாடா செய்தார். சற்று நேரங்கழித்து ஒரு கிழவி திரும்பி வந்து, ரூபாயை என் கையில் வைத்தாள். "ஐயா ரெண்டாவது வாட்டி குடுத்துட்டாருங்க. அம்மா இருந்தா இப்படி ஆவாது" என்றாள்.

அன்று ராத்திரி அப்பா ஐந்து தடவை, "உங்கம்மா எங்கே?" என்று கேட்டார். ஐந்து தடவையும் மதுரை என்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் அப்போதுதான் கேட்கிற அதிர்ச்சி.

பையன்தான் கணக்கு நோட்டை எடுத்து வந்தான். அப்பாவிடம் ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிவிட்டால் பிளேடால் சுரண்டக் கூடாது, ரப்பர் போடக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அது படிக்கும்படியாகவே இருக்க வேண்டும். மேலே சரியானது. பக்கத்தில் திருத்தியவர் சுருக்கெழுத்து. சுரண்டிய கணக்கு திருட்டுக் கணக்கு என்பார். அந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள் இருந்தன. மேலே சரியான தொகை. பக்கத்தில் சுருக்கெழுத்துக்குப் பதில் ஒரு புள்ளி. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீஷில் இரண்டு எழுத்துப் போடத் தெரியாமல் புள்ளி வைத்திருக்கிறாள்.

பையன் தன் வழக்கப்படி தேதிவாரியாக எண்ணத் தொடங்கிவிட்டான். 2019-ல் மாதம் ஒன்று. 2021-ல் வாரம் ஒன்று. அந்த வருஷம் ஒரு பக்கம்கூட புள்ளியில்லாமல் இல்லை. எல்லாம் ஒரே பத்தியில்: கூலி கொடுத்தாயிற்றா, இல்லையா என்ற பத்தியில். விலை தப்பவில்லை, எடை தப்பவில்லை, பெருக்கல் தப்பவில்லை.

"ஒரே இடம் மாமா" என்றான் மெதுவாக.

ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்த நோட்டைப் புரட்டினேன். அடியில் இருந்த மொத்தத் தொகையைப் பார்த்தேன்; கூட்டல் சரியாக இருந்தது; மூடி வைத்தேன். அப்பா பேசும்போது அம்மா நடுவில், "அது உங்க தம்பி கல்யாணத்திலே இல்லே, மச்சான் கல்யாணத்திலே" என்று எடுத்துக்கொடுப்பாள். இந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை விட்டுவைக்க மனசு வராது என்று நான் சிரித்திருக்கிறேன். ஒரு கதையில்கூட அதை எழுதி, நாலு பேர் பாராட்டியிருக்கிறார்கள்.

மதுரைக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, "ஏம்மா இதை மறைத்தாய்?" என்று கேட்டேன்.

"நான் எங்கே மறைச்சேன்? நோட்டிலேதானே எழுதியிருக்கேன்" என்றாள்.

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? கொஞ்சம் பொறுத்து, "நாலு பேர் முன்னாலே அவரைக் கணக்குத் தெரியாதவர்னு சொல்லச் சொல்றியா? முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு எழுதினவரை?" என்று கேட்டாள். அதற்கும் பதில் இல்லை.

பிறர் பிழையை ஓசைப்படாமல் திருத்திவிடுவது உபகாரமா, அபகாரமா? உபகாரம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவையில் ஒருவர் தவறினால் அதைப் பெரிதுபடுத்தாமல் சமாளித்துவிடுகிறவரைப் பண்புள்ளவர் என்கிறோம். டாக்டரிடம் அப்பாவைக் காட்டியபோது, வைட்டமின் பி12 குறைவாலும் தைராய்டுக் கோளாறாலும் வருகிற மறதியானால் மருந்தில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று சொல்லிப் பரீட்சை செய்தார். அப்பாவுடையது அந்த வகையல்ல. "கொஞ்சம் முந்தியே கூட்டி வந்திருக்கலாமே" என்றார், கடிந்து சொல்லவில்லை. அந்த வகையாக இருந்திருந்தால்? மூன்று வருஷம் வீணாகியிருக்குமே? அம்மாவின் அன்பு அப்பாவின் வியாதிக்குப் போர்வையாகத்தானே முடிந்திருக்கும்?

ஆனால் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவள் பெற்ற பிள்ளை என்பதால் மட்டுமல்ல. அவள் சுரண்டவில்லை, கோடு போட்டாள், புள்ளி வைத்தாள். திருத்துகிறவர் செய்ய வேண்டிய இரண்டு காரியத்தையும் செய்தாள். மூன்றாவது காரியம் ஒன்று இருந்தது: படிப்பது. அதைச் செய்ய வேண்டியவன் நான். சரியான விடை கைக்கு வந்தவன், அது எப்படிச் சரியாயிற்று என்று கேட்கக் கடமைப்பட்டவனா? கூலி வாங்கிய கிழவிக்குத் தெரிந்திருக்கிறது, "அம்மா இருந்தா இப்படி ஆவாது" என்று. எனக்குத் தெரியவில்லை.

எழுத்துத் தொழிலிலும் இதே கதைதான். என் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திய ஒரு பெரியவர், ஓரங்களில் குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். அச்சில் சரியாக வந்ததா என்று பார்ப்பேனே தவிர அந்தக் குறிகளை ஒரு நாளும் படித்ததில்லை. ஆகவே இன்றும் 'ஒரு', 'ஓர்' விஷயத்தில் நான் இருபது வருஷத்துக்கு முன் எங்கே இருந்தேனோ அங்கேயே இருக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் வேவு பார்ப்பதா? அப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்க முடியாது. சிதறி விழுகிற பிழைகளைத் திருத்திவிட்டு மறந்துவிடலாம். அவை யாருடைய குணத்தையும் சொல்லவில்லை. நாம் செய்வதோ நேர்மாறு. என்றோ ஒரு நாள் பந்தியில் உப்பை இரட்டித்துப் போட்டவளை முப்பது வருஷம் சொல்லிக் காட்டுகிறோம். இடி மாதிரி ஓசையோடு விழுந்ததால் அது நினைவிருக்கிறது. தினமும் ஒரே இடத்தில் சத்தமில்லாமல் விழுந்து, யாரோ ஒருத்தி சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டிருப்பது மட்டும் கண்ணில் படுவதில்லை. பிழை எவ்வளவு பெரிது என்று கேட்கிறோம். எங்கே, எத்தனாவது தடவை என்று கேட்பதில்லை.

சர்வர் சொந்தக்காரர்கள் ஒருவழியாகச் சம்மதித்தார்கள். தகட்டை இடம் மாற்றிப் பார்த்ததில் பிழை அதன் பின்னாலேயே போயிற்று. கழற்றிவிட்டுப் புதிது போட்டார்கள். கால் மணி நேர வேலை. பையன் அன்று நன்றாகத் தூங்கினான்.

அப்பாவை அப்படிக் கழற்றி மாற்ற முடியாது. அம்மா மாசிக் கடைசியில் ஊன்றுகோலோடு வீடு வந்து சேர்ந்தாள். அவள் இனிமேல் கூலி நாளில் களத்துக்குப் போய் நிற்க முடியாது என்பதால், நோட்டு என் கைக்கு வந்தது. முதல் சனிக்கிழமை நான் எழுதி முடித்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இன்று என்ன கிழமை என்று மூன்று தடவை கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டைத் தம் பக்கம் இழுத்து, விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை வந்தார். பேனாவை வாங்கி, நான் போட்டிருந்த மொத்தத்தின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தார். மேலே வேறு தொகை எழுதினார். பக்கத்தில் சுருக்கெழுத்துப் போட்டார். நாற்பது ரூபாய் தப்பியிருந்தது.

நோட்டை அம்மாவிடம் நீட்டினார். அவள் தலையணைக்கு அடியிலிருந்து பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள்.